ஹாலோவீன்: வீட்டோடு பயந்து சிரிக்க ஒரு கையேடு

அக்டோபர் 31 இருட்டியதும் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து போன்ற நாடுகளில் வாசல்தோறும் முகம் வெட்டிய பரங்கிக்காய் ஒன்று உள்ளே விளக்கோடு உட்கார்ந்திருக்கும். வேடம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். கதவைத் திறக்கும் பெரியவரும் சூனியக்காரித் தொப்பியோடு நிற்பார். குழந்தைகளோடு அங்கே புதிதாகக் குடியேறியவருக்கு முதலில் எழும் கேள்வி: பிள்ளையைப் போய் வேண்டுமென்றே பயமுறுத்துவார்களா?

பயமுறுத்துவார்கள், ஆனால் அளவு பார்த்து. பயம் விளையாட்டாக வேண்டுமென்றால் இரண்டு விஷயம் சேர வேண்டும். தனக்கு ஒன்றும் ஆகாது என்று உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். எதிரே இருப்பது என்ன என்பது பாதிதான் தெரிய வேண்டும். முதலாவது போனால் குழந்தை அழும். இரண்டாவது போனால் கொட்டாவி விடும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைலே நகரில் உள்ள ஒரு பேய் வீட்டுக்கு வந்தவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டித்தான் போகிறது. பயம் ரொம்பக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, ரொம்ப ஏறினாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில்தான் சந்தோஷம் உச்சத்தில் இருந்தது. வீட்டு ஹாலோவீனில் நாம் செய்கிற வேலையெல்லாம் அந்த நடு இடத்தைத் தேடுவதுதான்.

எங்கிருந்து வந்தது

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் இரவு சௌவின். அன்றைக்கு மறு உலகத்தவர் இங்கே நடமாடுவார்கள் என்பது நம்பிக்கை. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் மேற்குத் திருச்சபை நவம்பர் 1ஐப் புனிதர் அனைவருக்குமான திருநாளாக்கியது. அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் அதே காலண்டரில் அடுத்தடுத்து வருவதுதான். ஆகவே இது முற்றிலும் அந்நியமான நாளும் இல்லை.

முதலில் குடைந்தது பரங்கிக்காய் அல்ல, டர்னிப் கிழங்கு. அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோல், குழிந்த கண், கோணல் பல் என்று உண்மையிலேயே கலவரப்படுத்தும் முகம். இன்றைய சிரிக்கும் பரங்கிக்காயெல்லாம் அதன் முன்னால் சாது. 1840களின் பெரும் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே பெரிதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் கிடைத்தது பரங்கிக்காய்.

வேடம் போட்டு வீடு வீடாகப் போவதும் அந்தப் பக்கத்துப் பழக்கமே. ஆனால் அங்கே சும்மா கேட்டால் கிடைக்காது. ஒரு பாட்டோ விடுகதையோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டைப் பருப்பும். இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் அமெரிக்காவில் முடிந்த பிறகுதான் மிட்டாய் வழக்கம் நாடு முழுக்கப் பரவியது.

பரங்கிக்காய்

வெட்டுவதற்கென்றே வளர்க்கும் பெரிய ரகங்கள் கடையில் கிடைக்கும். சதை மெல்லியது, நார் அதிகம், தண்ணீர்ச் சத்து கூடுதல். கூட்டு வைக்க லாயக்கில்லை. நாலிலிருந்து ஏழு கிலோ எடையுள்ளது போதும். அடி தட்டையாக இருக்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். காம்பு பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் பள்ளம் விழக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும்.

எல்லோரும் மேலே மூடி வெட்டுவார்கள். அடியில் வெட்டுவது நல்லது. மேலே காம்பு முழுசாக நிற்பதால் காய் சீக்கிரம் உள்வாங்காது, விளக்கைத் தரையில் வைத்துக் காயை அதன்மேல் கவிழ்த்தால் வேலை முடிந்தது. மேலேதான் வெட்டுவேன் என்றால் கத்தியைச் சாய்த்து, உள்நோக்கிக் குறுகும்படி வெட்டுங்கள். நேராக இறக்கினால் மூடி ஒருநாள் காய்ந்து சுருங்கியதும் பொத்தென்று உள்ளே விழும்.

விதையையும் நாரையும் வழித்தெடுப்பது பிள்ளைகளின் வேலை. கையை விட்டுத் துழாவும் அந்தக் கொழகொழப்புதான் அவர்களுக்கு முதல் பயம். முகம் வரப்போகும் பக்கத்துச் சுவரை மட்டும் கனமான கரண்டியால் சுரண்டி இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். அதைவிடத் தடித்தால் ரம்பம் திரும்பாது, வெளிச்சமும் வராது. ரொம்ப மெலிந்தால் இரண்டாம் நாளே உதடு தொங்கிவிடும்.

முகத்தைத் தாளில் வரைந்து காயில் ஒட்டி, கோட்டின் மேல் அரை சென்டிமீட்டருக்கு ஒரு துளையாகக் குண்டூசியால் குத்தி அச்சு எடுங்கள். வெட்டுவதற்குச் சமையல் கத்தி வேண்டாம். அது காயில் சிக்கிக்கொள்ளும். அழுத்தி இழுக்கும்போது சட்டென்று விடுபட்டுக் கையைப் பதம் பார்க்கும். இதற்கென விற்கும் ஒல்லியான சிறு ரம்பத்தைப் பெரியவர் பிடித்து, முன்னும் பின்னுமாக அறுக்க வேண்டும். சின்ன ஓட்டைகள் முதலில், வாய் கடைசியில். பெரிய ஓட்டையை முதலில் போட்டால் மற்றதை வெட்டும்போது சுவர் ஆட்டம் காணும். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் சதை இருக்கட்டும். பல் ஒடிந்துவிட்டால் பல்குச்சியைச் செருகி ஒட்டவைக்கலாம், இருட்டில் யாருக்கும் தெரியாது.

விளக்கை நடுவில் வைக்காதீர்கள், பின்சுவரை ஒட்டி, கண்ணுக்கும் வாய்க்கும் நேரே வராதபடி வையுங்கள். பல்பு கண்ணில் பட்டால் "ஓ, பல்பு" என்று மனசு முடிவுகட்டிவிடும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் தெரிந்தால், உள்ளே ஏதோ விழித்திருப்பதுபோல் இருக்கும். பேட்டரியில் எரியும் எல்இடி மெழுகுவத்தியே போதும். நிஜ மெழுகுவத்திதான் வேண்டுமென்றால் மேலே புகைபோக ஒரு துளை அவசியம். வேடத் துணி உரசும் வாசற்படியில் அதை வைக்கவே கூடாது.

வெட்டிய காய் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம், வெக்கையான ஊரில் ஓரிரு நாள்தான். அதனால் 29 அல்லது 30ஆம் தேதி வெட்டுங்கள். நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச் கலந்து உள்ளே தெளித்து நன்றாக உலரவிட்டால் பூஞ்சணம் தள்ளிப்போகும். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளிவரும். உறைபனி விழும் இரவென்றால் காயை உள்ளே எடுத்து வையுங்கள். உறைந்து உருகினால் கூழாகிவிடும்.

விதையைக் கொட்ட வேண்டாம். கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் ஒற்றி, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி 160 டிகிரி அவனில் இருபது நிமிடம் வறுங்கள். மிளகாய்த்தூள் தூவினால் மிட்டாய்க்கு முன் தட்டு காலியாகும்.

கண்ணாடிக்குள் ஒரு பேய்

வீட்டில் செய்யக்கூடியதிலேயே மிக நல்ல பேய் 1862இல் பிறந்தது. லண்டனில் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஜான் ஹென்றி பெப்பர் இதை மேடையில் காட்டினார். மூல யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் மறைந்திருக்கும் நடிகர்மேல் பலமான ஒளி. மேடையில் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடித் தகடு. பார்வையாளருக்குக் கண்ணாடி தெரியாது, நடிகரின் பிம்பம் மட்டும் ஒளி ஊடுருவும் உருவமாக மேடையில் நிற்கும். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த பேய் மாளிகையின் நடனக் கூடமும் இதே சூத்திரம்தான்.

வேண்டியவை: ஏ4 அளவில் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு, உட்புறம் சுமார் 22 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் 35 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள அட்டைப்பெட்டி, கறுப்பு சார்ட் தாள், ஒரு ஃபோன். பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, முன்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். ஃபோனை, திரை மேல்நோக்கி, பெட்டித் தரையில் முன்பக்கமாகப் படுக்க வையுங்கள். தகட்டின் கீழ்விளிம்பு ஃபோனின் பின்முனையை ஒட்டித் தரையில் நிற்க, மேல்விளிம்பு பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்து வர வேண்டும். கோணம் 45 டிகிரி. ஏ4 தகட்டின் நீளப் பக்கத்தை இப்படிச் சாய்த்தால் உயரம் 21, ஆழம் 21 சென்டிமீட்டர் வரும், பெட்டிக்குக் கச்சிதம். ஃபோன் நேரே கண்ணில் படாமலிருக்க, பெட்டியின் திறந்த பக்கத்தில் அடியோரமாகச் சின்னக் கறுப்பு அட்டைத் தடுப்பு ஒன்று வையுங்கள்.

பிறகு வெள்ளைத் துணி போர்த்திய பிள்ளையைக் கறுப்புச் சுவர் முன்னால் நிறுத்தி ஒரு நிமிட வீடியோ எடுங்கள். தலைப்பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி ஓடவிட்டால் உருவம் நிமிர்ந்து நிற்கும். பிம்பம் விழுவது தகட்டின் கீழ்விளிம்புக்கு நேர் மேலே. அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு பொம்மை நாற்காலி வைத்தால் பேய் அதன் முன் மிதக்கும், நாற்காலி பேயின் ஊடே தெரியும்.

கெடுவது எங்கே என்று தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். 45 டிகிரியில் தகடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், மிச்சம் ஊடுருவிப் போய்விடும். அதனால் அறை நல்ல இருட்டாகவும் ஃபோன் முழு வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். தானாக வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பேயைச் சுற்றிச் சாம்பல் நிறச் சதுரம் தெரிந்தால் வீடியோவின் பின்புலம் போதுமான கறுப்பு இல்லை, அல்லது திரை எல்சிடி வகை. ஓஎல்இடி திரையில் கறுப்பு உண்மையாகவே கறுப்பு. பேய் இரட்டையாகத் தெரிந்தால் தகடு தடித்தது; முன்புறமும் பின்புறமும் ஆளுக்கொரு பிம்பம் கொடுக்கின்றன. பிளாஸ்டிக் தாள் போட்டால் இரட்டை வராது, ஆனால் தொய்ந்து பேயின் முகம் அலையலையாகும், அதனால் சட்டம் கட்டி இழுத்து ஒட்ட வேண்டும். பேய் பின்னால் சரிந்து நின்றால் கோணத்தைப் பாருங்கள். எழுத்து ஏதாவது காட்டினால் இடவலமாக மாறித் தெரியும். அது கோளாறு இல்லை, பேய்க்குப் பொருத்தம்.

புகை வேண்டுமென்று உலர் பனிக்கட்டி வாங்குபவர்கள் உண்டு. மைனஸ் 78 டிகிரி சமாச்சாரம்; வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். வெந்நீரில் போட்டால் சில நிமிடம் வெண்மூட்டம் தரையோடு வழியும். இறுக மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும், குடிக்கும் பானத்தில் துண்டு கிடந்தால் ஆபத்து, காற்றோட்டமில்லாத அறையில் கார்பன் டை ஆக்சைடு சேரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தேவையில்லாத தலைவலி.

வேடமும் தெருவும்

ரெட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். மேனார்ட் என்ற சாதுப் பூனையைக் குழந்தைகள் தடவிக்கொடுத்தார்கள். பிறகு அதன் தலைக்கு நாய் முகமூடி மாட்டப்பட்டது. உடல் பின்பகுதி கண்ணெதிரேதான் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக நினைத்தார்கள். ஆறு வயதுக்காரர்களுக்கு அது பூனைதான் என்று தெளிவாகத் தெரிந்தது. ஆகவே மூன்று வயதுக் குழந்தையிடம் "அப்பாதான்டா கண்ணு" என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்வதில் பயன் இல்லை. அந்த வயதில் முகத்தை மூடாத வேடமே சரி: தொப்பி, இறக்கை, வால்.

பெரிய பிள்ளைகளுக்கும் முகமூடியைவிட முகச்சாயம் மேல், பக்கவாட்டில் வரும் வண்டி தெரியும். சாயத்தை முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். கால் தடுக்கும் நீளத் துணி வேண்டாம். கறுப்பு வேடமென்றால் முதுகிலும் பையிலும் ஒளியைத் திருப்பும் பட்டை ஒட்டுங்கள். அன்றைய இரவின் நிஜ ஆபத்து கார்தான். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் வாய்ப்பு அதற்கு முந்தைய, பிந்தைய வார மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது.

மாறாக, எல்லோரும் பயப்படுவது மிட்டாயில் விஷம் என்று. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுச் செய்திகளைத் துழாவியும், வீடு வீடாக வாங்கிய மிட்டாயில் முகம் தெரியாத யாரோ வைத்த விஷத்தால் குழந்தை இறந்ததாக ஒரு சம்பவத்தைக்கூட உறுதி செய்ய முடியவில்லை. 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடால் இறந்தது உண்மை, ஆனால் கொடுத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட பெற்ற தகப்பன். உறை கிழிந்த மிட்டாயைத் தூக்கிப் போடுங்கள், அது போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது நிலக்கடலை ஒவ்வாமை. வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் தவிர வேறு சின்னப் பரிசுகளும் உண்டு என்று அர்த்தம். இதை நாடு முழுக்கப் பரப்பியது உணவு ஒவ்வாமைக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று, 2014இல். வாசல் விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டில் தட்டக் கூடாது, எழுதாத சட்டம்.

இரவுக் கதை

மிட்டாயைப் பங்கு பிரித்த பிறகு கதை. அமானுஷ்யக் கதை என்றால் என்ன என்பதற்கு மிகத் தெளிவான விளக்கம் த்ஸ்வெதான் தொதரோவ் என்ற விமர்சகர் 1970இல் தந்தது. அதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால் சுலபம். மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. நள்ளிரவில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம். காலையில் திறந்து பார்த்தால் சுவரைப் பார்த்திருந்த நாற்காலி ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.

மரநாய் ஒன்று ஓட்டைப் பிரித்து உள்ளே வந்திருக்கிறது என்று முடித்தால் பேய் விளக்கப்பட்டுவிட்டது. இறந்துபோன தாத்தா தெருவைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று முடித்தால் பேய் ஏற்கப்பட்டுவிட்டது. ஓடு பிரிந்திருக்கிறது, ஆனால் நாற்காலியில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியும் இருக்கிறது என்று நிறுத்தினால், கேட்பவர் இரண்டுக்கும் நடுவே தொங்குவார். அந்தத் தத்தளிப்பு நீடிக்கும்வரைதான் அமானுஷ்யம் என்பது தொதரோவின் வாதம். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை கிலியையும் கோரத்தையும் பிரித்துக் காட்டினார். மங்கலாகத் தெரிவது மனதை விரிக்கும். முழுசாகக் கண்முன் கிடத்தப்படும் கோரம் மனதை உறைய வைக்கும் என்பது 1826இல் அச்சான அவர் கட்டுரையின் சாரம். அவர் கதைகளில் பேய்க்குப் பெரும்பாலும் கடைசியில் சாதாரணக் காரணம் ஒன்று கிடைத்துவிடும்.

இந்த மூன்று முடிவுகளே வயதுக்கேற்ற அளவுகோலும் ஆகும். ஐந்து வயதுக்குள் என்றால் பேய் நல்ல பேய், பசிக்கிற பேய், அவ்வளவுதான். ஆறு முதல் எட்டு வரை மரநாய் முடிவு, சிரித்துக்கொண்டே தூங்குவார்கள். ஒன்பதுக்கு மேல் தாத்தா முடிவு தாங்கும், அவருக்கு ஒரு நியாயமான ஆசை இருந்தால். மூக்குக்கண்ணாடியைப் பன்னிரண்டு வயதுக்கு முன் எடுக்காதீர்கள். விடை தெரியாத கேள்வியோடு விளக்கணைப்பது சின்னவர்களுக்குக் கொடுமை. கலவையான வயதில் பிள்ளைகள் இருந்தால் இளையவருக்கேற்ற முடிவைச் சொல்லி, அவர் படுத்த பிறகு பெரியவர்களுக்கு மூக்குக்கண்ணாடியை எடுத்துக் காட்டலாம்.

சொந்தமாகக் கதை கட்டுவது இன்னும் நன்றாக இருக்கும். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழையில் மாட்டிக்கொண்ட நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று போட்டி போட்டதில்தான் பதினெட்டு வயது மேரி ஷெல்லிக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிடிபட்டது. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் கோடையே வராத வருஷம் அது. வீட்டில் அதே போட்டி நடத்த ஒரு கட்டுப்பாடு போதும்: நடக்க முடியாத விஷயம் கதைக்கு ஒன்றுதான். பேயும் இருந்து, பறக்கும் வீடும் பேசும் பூனையும் வந்தால் எதற்கும் பயம் வராது. மற்றதெல்லாம் அசல் வீடுபோல இருக்கட்டும்: குக்கர் விசில், மாடிப்படியில் காயும் துண்டு, கொக்கி சரியாக விழாத கதவு. நாற்காலியைத் தாத்தா நகர்த்துவதைக் காட்டாதீர்கள், நகர்ந்த பிறகு காட்டுங்கள்.

சொல்லும்போது பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பயமான இடம் நெருங்கும்போது குரலைத் தாழ்த்துங்கள். கேட்பவர் முன்னால் சாய்ந்து வருவார், பாதி வேலை அங்கேயே முடிந்தது. திடீரென்று "ஹா!" என்று கத்துவது இரவுக்கு ஒருமுறை மட்டும், இரண்டாவது முறை எதிர்பார்த்துவிடுவார்கள், மூன்றாவது முறை எரிச்சல். விளக்கின் சுவிட்ச் எப்போதும் கேட்பவரில் இளையவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவர் போட்டுவிட்டால் கதை நிற்கும், யாரும் கேலி செய்யக் கூடாது. இதை முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சுவிட்ச் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை.